உள்கொடி

பதினொரு பேர் உடுத்திக் கழற்றிப் போடும் அந்த வீட்டில் சோப்புத் தண்ணீருக்கும் ஒரு பதவி வரிசை இருந்தது. காலையில் புதிதாகக் கலக்கிய, நுரை பொங்கும் தண்ணீரில் முதலில் இறங்குவது மாமனாரின் வெள்ளைச் சட்டைகள். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. வெள்ளைச் சட்டையிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. அடுத்தது பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சீருடை. பிறகு அச்சகத்தில் வேலை பார்க்கும் இளைய மகனின் சட்டைகள், பிறகு மாமியாரின் துணி, சின்ன மருமகளின் துணி, அதற்குப் பிறகு பஸ் பட்டறையில் வேலை செய்யும் மூத்த மகனின் கிரீஸ் அப்பிய காற்சட்டைகள். அத்தனை பேரின் அழுக்கும் இறங்கி, நுரை செத்து, சாம்பல் நிறத்தில் கிடக்கும் மிச்சத் தண்ணீரில் கடைசியாகத் துவைக்கிறவளின் துணி.

"என்னோடதுதானே, எதுல முக்கி எடுத்தா என்ன?" என்பாள் அவள்.

அவள் அந்த வீட்டின் மூத்த மருமகள், பட்டறைக்காரரின் மனைவி. கல்யாணமாகி வந்த அன்று கொழுந்தன் 'அண்ணி' என்று கூப்பிட்டான். அது ஊர்ப் பெயராக ஒட்டிக்கொண்டது. தெருவில் சோப்பு விற்க வருகிறவன், பால்காரர், அவளைவிட வயதில் மூத்த பக்கத்து வீட்டுக் கிழவர், எல்லாருக்கும் அவள் அண்ணிதான். பெற்ற மகளே கோபம் வந்தால் "போங்க அண்ணி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த மகளுக்கு வீட்டில் கொக்கு என்று பெயர். நீண்ட கழுத்து, நீண்ட கால். ஒற்றைக் காலில் நின்றபடி சுவரில் சாய்ந்து படிக்கும் பழக்கம் வேறு. பள்ளியின் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள். மூத்தவன் ஒரே வகுப்பில் இரண்டாவது வருடமாகச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தான்.

சமையலறைக்குப் பின்னால் ஒடுங்கலான சிமெண்டு முற்றம். அதன் மூலையில் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் துவைக்கிற கல். பக்கவாட்டில் இருந்த குறுகிய சந்துப் பக்கம் சுவருக்குப் பதிலாகக் கம்பிக் கதவு. முற்றத்தின் குறுக்கே மூன்று கொடிகள் ஓடின. சந்துப் பக்கம் இருந்த முதல் கொடிக்குத்தான் வெயில். அங்கே ஆண்களின் சட்டைகளும் சீருடைகளும் தலையணை உறைகளும் நெஞ்சை நிமிர்த்திக் காயும். நடுக்கொடியில் படுக்கை விரிப்புகள் திரைபோலத் தொங்கும். அந்தத் திரைக்குப் பின்னால், கூரை நிழலில், பாசி பிடித்த சுவரை ஒட்டி இருந்தது உள்கொடி. பெண்களின் உள்ளாடைகளும், மாதவிலக்குக்கு வைத்திருக்கும் பழந்துணிகளும் அங்கேதான் தொங்க வேண்டும். கடையில் பஞ்சு வாங்கினால் அதை எங்கே எறிவது, குப்பைக்காரன் பார்த்துவிட மாட்டானா என்பது மாமியாரின் வாதம். எனவே துணி, எனவே நிழல். அவை காய்ந்தன என்று சொல்வது மரியாதைக்காக. காற்றில் ஈரம் அலுத்துப்போய் இறங்கிவிடும், அவ்வளவுதான். காசு கேட்காமல் கிருமியைக் கொல்வது வெயில் ஒன்றுதான். அதையும் ஏதோ வம்புக்காரன் எட்டிப் பார்ப்பதுபோலப் பெண்களின் துணியிடமிருந்து விலக்கி வைத்திருந்தார்கள்.

அந்த உள்கொடியை ஒருவர் தினமும் படித்தார். மாமியார் சமையலறைப் பின்வாசலில் முக்காலி போட்டு, காய் நறுக்கியபடி, விரிப்புகளின் இடுக்கு வழியாகப் பார்ப்பார். யாருடைய துணி எப்போது தொங்கியது, எப்போது தொங்கவில்லை என்பது அவருக்கு மனப்பாடம்.

"சின்னவளே, உனக்குத் தள்ளிப் போயிருக்கு, தெரியுமா?" என்று ஒருமுறை இளைய மருமகளிடம் கேட்டார்.

"இல்லையே அத்தை! எனக்கே தெரியலையே."

"உனக்குத் தெரிஞ்சா என்ன, தெரியலைன்னா என்ன? கொடிக்குத் தெரியும்."

அது சரியாகவே இருந்தது. இரண்டாவது குழந்தை, பெண் குழந்தை, அப்படித்தான் அறிவிக்கப்பட்டது. "நம்ம வீட்டு டாக்டர் கொடியில தொங்குறாருக்கா" என்று சின்னவள் அண்ணியிடம் சொல்லிச் சிரித்தாள். மாமியாருக்கோ அன்றிலிருந்து தன் கண்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒருதடவை பலித்த ஊகம் மனிதரை எவ்வளவு முட்டாளாக்கும் என்பதற்கு அந்த முக்காலி சாட்சி.

அண்ணிக்கு முதலில் உதிரப்போக்கு மாதத்தில் இரண்டு முறை வந்தது. பிறகு போக்கு இல்லாத நாட்கள் குறைந்தன. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. மாதவிலக்கு நிற்கப் போகிற காலத்தில் இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்கொடியில் அவள் துணி அடிக்கடி தொங்குவதை மாமியார் பார்த்தார்.

"என்னம்மா, எல்லாருக்கும் மாசம் ஒண்ணுன்னா உனக்கு மட்டும் ரெண்டா?"

"சூடு அத்தை. சரியாயிடும்."

"முடியலைன்னா சொல்லிடு. மூடி வைக்காத. கொக்கைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திக்கலாம். வளர்ந்த பொண்ணுதானே, கல்லுல நின்னு பழகட்டும்."

மாமியார் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். வகுப்பில் குந்தியிருக்கும் பையனை நிறுத்தலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. சொல்லப்போனால் அண்ணிக்கும் தோன்றவில்லை. அநியாயம் ஊறிப்போன இடத்தில் அது அன்பின் குரலில்தான் பேசும்.

அண்ணிக்குக் கை சோப்பிலேயே நின்றுவிட்டது. அவளும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் போனவள். அவளுடைய அம்மா ஐந்தாவது பிரசவத்தில் படுத்தபோது, "ஒரு மாசம்தான், அப்புறம் போகலாம்" என்று நிறுத்தி, கையில் சோப்பைக் கொடுத்தார்கள். அந்த ஒரு மாதம் பிறந்த வீட்டுக் கல்லில் தொடங்கி, புகுந்த வீட்டுக் கல்லில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று முதல் அவள் கொடியைத் தன் கையால் எழுதத் தொடங்கினாள். எல்லாப் பெண்களுக்கும்போல மாதத்தில் சில நாட்கள் மட்டும் உள்கொடியில் அவள் துணி தொங்கியது. மற்ற நாட்களின் துணி எங்கே போகும்? வீடு முழுக்க ஆள். பரணிலும் கட்டிலடியிலும் பிள்ளைகள் புரள்கிறார்கள். யோசித்துப் பார்த்துவிட்டு அவள் தலையணை உறைகளைத் தேர்ந்தெடுத்தாள். நன்றாக அலசிப் பிழிந்த துணியை ஈர உறைக்குள் செருகி, உறையின் வாயை உள்ளே மடித்து, இரண்டு கிளிப் போட்டு முதல் கொடியில் மாட்டினாள். சந்தில் போகிறவர்கள் பார்த்தார்கள்; மாமனார் வெள்ளைச் சட்டையோடு அதன் அருகிலேயே உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்தார். பதினொரு பேருக்குப் பதினொரு உறை. தினம் இரண்டு மூன்று தொங்கினால் யார் கேட்பார்கள்? அவள் வாழ்க்கையில் முதல்முறையாக அவளுடைய துணி நல்ல வெயிலில் காய்ந்தது.

மாமியார் உள்கொடியைப் பார்த்துத் திருப்திப்பட்டார். "பாரு, நான் சொன்ன கஷாயம் கேட்டுச்சு."

"ஆமா அத்தை."

ஆனால் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நனைந்த விரிப்பைத் தூக்கும்போது முற்றம் சுற்றியது. ஒருநாள் தொட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். கணவர் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். "டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்களேன்" என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மாமியார் கூடப் போனார்.

டாக்டர் ஒரு இளம்பெண். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "உடம்புல ரத்தமே இல்லையேம்மா. மாசாமாசம் எப்படி, ரொம்பப் போகுதா?"

"அதெல்லாம் கடிகாரம் மாதிரி சரியா இருக்கு" என்றார் மாமியார்.

"நான் அவங்களைக் கேட்டேன்."

"அவளைக் கேட்டா என்ன, என்னைக் கேட்டா என்ன? வீட்டுல எல்லாருக்கும் நான்தான் கணக்கு. தினமும் கொடியைப் பார்க்கிறேனே."

டாக்டர் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அண்ணி சேலைத் தலைப்பின் நுனியைத் திருகினாள். "அத்தை சொல்றது சரிதாங்க."

"எதுக்கும் ஸ்கேன் ஒண்ணு எடுத்துடலாம்."

"பரீட்சை முடியட்டுமே டாக்டர்."

"பரீட்சை யாருக்கு?"

"என் மகளுக்கு."

"ஸ்கேன் உங்களுக்குத்தானே?"

வெளியே வரிசை சுவரைத் தாண்டி நின்றது. டாக்டர் சத்து மாத்திரை எழுதி, அடுத்த வாரம் தனியாக வரச் சொன்னார். 'தனியாக' என்ற சொல்லை அழுத்தியே சொன்னார். அண்ணி தலையாட்டினாள், போகவில்லை. அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொய் சொன்ன அண்ணியையும் குறை சொல்ல முடியவில்லை. உடம்பின் வலியை வெளியே சொன்னால் அதற்கு மகளின் படிப்பைத் தண்டமாகக் கட்ட வேண்டும் என்று விதித்த வீட்டில், எந்தத் தாய் உண்மை பேசுவாள்?

அதன்பின் ஒரு மதியம் திடீரென்று மழை கொட்டியது. அண்ணி உள்ளே சுருண்டு படுத்திருந்தாள். சின்னவள் ஓடிப்போய் முதல் கொடியை வாரி அணைத்துக்கொண்டு வந்து சமையலறையில் கொட்டினாள். ஒரு தலையணை உறையிலிருந்து மடித்த துணி விழுந்தது. அவள் அதை எடுத்துப் பார்த்தாள். இன்னொரு உறைக்குள் கையை விட்டாள். அங்கேயும் இருந்தது. துணிகளைப் பழைய இடத்தில் செருகிவிட்டு அண்ணியிடம் போனாள்.

"அக்கா, உறைக்குள்ள இருக்கிறது யாரோடது?"

அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். "கதவைச் சாத்து."

"எத்தனை நாளா இப்படி?"

"சத்தம் போடாதடி."

"சத்தமா? ஊரையே கூட்டப் போறேன். செத்துக்கித்துப் போயிட்டீங்கன்னா?"

"நான் சாக மாட்டேன். எனக்கு ஏது நேரம்?" என்று அண்ணி சிரிக்கப் பார்த்தாள். சின்னவள் சிரிக்கவில்லை. அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சோப்பு தின்ற விரல்கள், ஓரங்களில் வெடிப்பு. "சொல்லு, போய்ச் சொல்லு. நாளைக்குக் காலையில அந்தக் கல்லுல கொக்கு நிப்பா. ஒரு மாசம்தான்னு சொல்வாங்க. அந்த ஒரு மாசம் என்னன்னு எனக்குத் தெரியும். பரீட்சை முடியிற வரைக்கும் பொறு. அப்புறம் நானே சொல்றேன். உனக்கும் ஒரு பொண்ணு இருக்குடி."

சின்னவள் வெளியே வந்தாள். மறுநாளிலிருந்து விரிப்புகளையும் கனத்த துணிகளையும் அவள் எடுத்துக்கொண்டாள், இடுப்பில் குழந்தையும் அடுப்பில் உலையுமாக.

"என்ன, சின்னவளுக்குப் புதுசா கல்லு மேல காதல்?" என்றார் மாமியார்.

"இடுப்பு பெருத்துப் போச்சு அத்தை. கொஞ்சம் இளைக்கலாம்னுதான்."

"நல்லா இளைச்ச. வாய்தான் நீளுது."

கொக்கு ஒற்றைக் காலில் நின்று படித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து, "ஏம்மா இப்படி வெளுத்துட்டீங்க?" என்று கேட்டால், "வெள்ளைத் துணிக்குப் போட்ட நீலம் கொஞ்சம் அதிகமாயிடுச்சு, என் மேலயும் பட்டுடுச்சு" என்று பதில் வரும். நர்ஸ் ஆகப் போகிறவள்தான். ஆனால் வீட்டுக்குள் கண்ணைக் கட்டியே வளர்க்கப்பட்டவள். அம்மா சொன்னதை நம்பினாள்.

பரீட்சை முடிந்த மறுநாள் காலை, அண்ணி புதுத் தண்ணீரில் சோப்பைக் கலக்கினாள். நுரை பொங்கியது. முதலில் மாமனாரின் சட்டை இறங்கவில்லை. மை பட்டிருந்த கொக்கின் கடைசிச் சீருடை இறங்கியது.

முக்காலியிலிருந்து குரல் வந்தது. "என்னம்மா, வரிசை மாறுது?"

"இன்னைக்கு ஒருநாள் அத்தை." அவள் சீருடையைக் கும்மி, அலசி, உதறி, முதல் கொடியில் மாட்டினாள். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "எனக்கு உடம்பு முடியலை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"உனக்கென்ன? கொடியில எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

அண்ணி கொடிப் பக்கம் கையை நீட்டினாள். முதல் கொடியில் முந்தின நாளே காயப்போட்டிருந்த தலையணை உறை ஒன்றைப் பிடித்து, வாயைப் பிரித்து, கையை உள்ளே விட்டாள். ஒரு துணியை உருவிக் கொடியின் மேல் போட்டாள். அடுத்த உறைக்குள் கையை விட்டாள். அதற்கடுத்தது. எவ்வளவு துவைத்தும் போகாத பழுப்புக் கறையோடு அவை வரிசையாக வெயிலில் தொங்கின. செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மாமனார் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தாளுக்குள் போய்விட்டார்.

மாமியார் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஐயையோ, சந்துல ஆள் போகுது! உள்ள எடு, உள்ள எடு!"

பெரிய ஆஸ்பத்திரியில் கருப்பையின் வாயில் கட்டி என்றார்கள். பரவிவிட்டது என்றார்கள். ஆறேழு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கிய பெரிய டாக்டர், எதிரே நின்ற கணவரின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அண்ணி இறந்துபோனாள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் அவளைப் புகழ்ந்தார்கள். பொறுமையின் வடிவம் என்றார்கள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை என்றார்கள். மாமனார் பெருமூச்சு விட்டு, "விதி" என்றார். விதியாம்! அந்த விதி எந்த வானத்திலிருந்தும் இறங்கவில்லை. அதை மூன்று கயிறாகப் பின்முற்றத்தில் கட்டியவர்கள் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் உண்மையாகவே அழுதார். "என் கண்ணுக்கே தப்பிடுச்சே, என் கண்ணுக்கே தப்பிடுச்சே" என்றுதான் அழுதார். கட்டிய கொடியில் தப்பு இருக்கலாம் என்று அப்போதும் அவருக்குப் படவில்லை.

துக்கம் வேலையை நிறுத்தலாம், அழுக்கை நிறுத்தாது. முற்றத்தில் துணி மலையாகக் குவிந்தது. அந்தச் சமயத்தில்தான் கொக்குக்குப் பக்கத்து ஊர் நர்ஸ் பள்ளியில் இடம் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும்.

கிளம்ப வேண்டிய நாள் காலையில் மாமியார் குவியலைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். "கொக்கு, அவசரம் என்னடி? படிப்பு எங்கேயும் ஓடிடாது. வேற ஆள் பார்க்கிற வரைக்கும் இரு. ஒரு மாசம்தான்."

கொக்கு தலையாட்டினாள். அம்மா போனதிலிருந்து அவளுக்கு யாரிடமும் வாதாடத் தெம்பில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனாள். வாளியை நகர்த்தி, குழாயைத் திறந்தாள்.

சின்னவள் அடுப்படியிலிருந்து வந்து குழாயை மூடினாள்.

"நீ கிளம்பு."

"சித்தி, பாட்டிதான்..."

"பாட்டி சொன்ன ஒரு மாசம் எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும். உங்கம்மா சொல்லிட்டுத்தான் போனாங்க. கிளம்புடி."

"அப்போ துணியை யார் துவைக்கிறது? நீ ஒருத்தியா? உன் உடம்பும் போகட்டுமா?" என்றார் மாமியார்.

"நான் எல்லாத்தையும் துவைக்கப் போறதில்ல அத்தை. அவங்கவங்க துணியை அவங்கவங்க துவைக்கட்டும். கை இருக்குல்ல எல்லாருக்கும்?"

"ஆம்பளைங்க துவைப்பாங்களா இந்த வீட்டுல? கேட்டியா கூத்தை?" மாமியார் மகனைப் பார்த்தார். பட்டறைக்காரர் நடையில் நின்றிருந்தார். மகளையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. வாசலில் இருந்த பையை எடுத்துக்கொண்டு, "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். அவர் வாழ்நாளில் அம்மாவை மீறிய ஒரே வாக்கியம் அதுதான். அது இருபது வருடம் தாமதமாக வந்தது.

மகளை ஏற்றிவிட்டுத் திரும்பியவர் நேராக முற்றத்துக்குப் போனார். கல்லுக்கு முன்னால் குந்தினார். எது முதல், எது பிறகு என்று தெரியாது. வாளியில் சோப்புத்தூளை அளவில்லாமல் கொட்டினார். தன் கிரீஸ் காற்சட்டையையும் அப்பாவின் வெள்ளைச் சட்டைகளையும் ஒன்றாக அமுக்கினார். வெள்ளைச் சட்டைகள் சாம்பல் நிறத்தில் வெளியே வந்தன. மாமனார் பார்த்தார்; வாயைத் திறந்தார்; மகனின் முதுகைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பிழியத் தெரியாமல் முறுக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் துணிகளைத் தூக்கினார். பட்டறை இரும்பில் கீறிய விரல்களுக்குள் சோப்பு இறங்கியது. கையை உதறினார். மறுபடி முக்கினார். மறுபடி உதறினார்.

"ஏம்மா" என்றார், விரிப்பை அலசிக்கொண்டிருந்த சின்னவளிடம். "இது இப்படித்தான் எரியுமா?"

"ஆமா மாமா."

"தினமுமா?"

அவள் தலையாட்டினாள்.

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி குந்தியிருந்தார். சின்னவள் விரிப்பைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். தன் துணிகளையும், மகளின் சின்னச் சட்டைகளையும், பழந்துணிகளையும் எடுத்துக்கொண்டு உள்கொடியைத் தாண்டி முதல் கொடிக்குப் போனாள். பின்வாசல் முக்காலியிலிருந்து ஒரு இருமல் மட்டும் வந்தது. வெயில் அன்றைக்கு நன்றாக அடித்தது.